பலகையில் ஐந்தாவது பெயர்

1

எங்கள் ஊர்ச் சந்தையில் போன மாதம் ஒரு மரப்பலகை மாட்டினார்கள். எங்கள் ஊர் என்று நான் எழுதுவது மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னாலும் தென்காசிப் பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தச் சந்தையில் ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்து தமிழர்களாகப் பார்த்துச் சுட்டான். ஏழு பேர் செத்தார்கள். சந்தை வியாபாரிகளும் தோட்டத்துச் சங்கத்தாரும் சேர்ந்து அவர்கள் பெயர்களை இப்போதுதான் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ்.

என் மகள் வள்ளிக்குப் பத்து வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தம்பியோடு சண்டை போடுவதெல்லாம் மலாயில். பலகையின் மேல்பாதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாவது பெயரில் தடுக்கி நின்றாள்.

"இ-சக்-கி... இது யாருப்பா?"

"இசக்கிமுத்து. தென்காசிக்காரர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வச்சிருக்கார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. வள்ளி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "செத்தவர் எப்படிப்பா கடை வச்சிருக்கார்?" என்றாள். மீன் வாங்கணும், வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு மீன் வாங்கவில்லை.

அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இதில் எழுதுகிறேன். முக்கியமாகக் குற்றாலத்துக்காரர்கள் படிக்க வேண்டும்.

2

அந்த ஐந்தாவது ஆளின் உண்மையான பெயர் மாடசாமி. குற்றாலத்துக்காரன். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையில் மூன்றாவதாக நிற்பான். ஒரு காலத்தில் நானும் அவன் பக்கத்தில் நின்று தேய்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வேலையிலும் ஒரு வருஷம் தங்கினதில்லை. இரண்டு சீசன் எண்ணெய் தேய்த்தேன். பிறகு செங்கோட்டையில் மரம் ஏற்றினேன், புனலூரில் செங்கல் சுமந்தேன், மதராஸில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன். கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே வந்தேன். மாடசாமி அப்படியில்லை. தொழில் தெரிந்தவன். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, "கண்ணத் தெறக்காதீரும், எண்ணெ எறங்கும்" என்று சொல்லிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தால், எழுந்திருக்கும்போது கலெக்டராக இருந்தாலும் தள்ளாடித்தான் அருவிக்குப் போவார்.

ஆனால் சாரல் நின்றால் அந்தத் தொழிலும் நின்றுவிடும். மீதி எட்டு மாசம் அடுத்தவன் வயலில் கூலி. நான் ஒரு தடவை ஊருக்குப் போனபோது கேட்டான்.

"ஏலே சங்கரா, அங்கன உள்ளவனுக்கெல்லாம் முதுகு உண்டால?"

"முதுகு மட்டுந்தாம்ல உண்டு. நாளெல்லாம் குனிஞ்சு ரப்பர்ப் பால் வெட்டுதானே."

"அப்ப நானும் வாரேன்."

அப்போது மலாயாவுக்குப் புதிதாக ஆள் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இருந்துவிட்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரலாம். தென்காசியில் இசக்கிமுத்து அண்ணாச்சி அப்படிப்பட்டவர். மூன்று வருஷம் இங்கே இருந்தவர், போதுமென்று போய் டீக்கடை போட்டிருந்தார். அவருடைய காகிதங்கள் தகரப்பெட்டியில் சும்மா கிடந்தன. இப்படி ஒருவர் காகிதத்தில் இன்னொருவர் வருவது அப்போது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவர் துண்டு போட்ட இடத்தில் இன்னொருவர் உட்கார்கிற மாதிரி. படத்தில் இருந்த முகம் ஒல்லி, மீசை, எண்ணெய் வைத்த தலை. மாடசாமிக்கும் அதெல்லாம் இருந்தது. பேசி முடித்தது நான்தான்.

மாடசாமியின் சம்சாரம் பேச்சி, அருவிப் பாதையில் சீயக்காய்த் தூள் விற்கிறவள். புறப்படுகிற அன்று அவனுக்கு நாங்கள் பெயர் பழக்கிக்கொண்டிருந்தோம். "ஒம் பேரு என்ன?" என்று நான் அதிகாரி மாதிரிக் கேட்க, அவன் மூன்று தடவையும் மாடசாமி என்றே சொன்னான். பேச்சி சிரித்தாள். "எனக்கு என்ன கவல? நான் எந்தப் பேரச் சொல்லியும் கூப்பிடப் போறதில்ல. 'ஏங்க'ன்னு கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் பொதுதான்" என்றாள். நம் ஊரில் எவள் புருஷன் பெயரைச் சொல்கிறாள்?

3

மாடசாமிக்கு நான் இருந்த தோட்டத்திலேயே பால்வெட்டு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தை மூலையில் ஒரு மரத்தடியில் பெஞ்சு போட்டு எண்ணெய் தேய்ப்பான். அந்த மூலையில்தான் நம் ஆட்கள் கூடுவார்கள். முடிவெட்டுகிறவர், வெற்றிலைக் கடை, இட்லி விற்கிற ஒரு அம்மா. அதைத் தாண்டி மலாய்ப் பெண்களின் வாழைப்பழமும் மீனும், அதற்கப்பால் சீனர்களின் காய்கறி.

சுட்டவன் பக்கத்துத் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னத்துரை என்போம். காட்டுக்குள் கலகக்காரர்கள் இருந்த காலம், துரைமார் எல்லோருக்கும் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். ஆனால் இவன் வெறுத்தது காட்டில் இருந்தவர்களை அல்ல, எங்களை. அவன் தோட்டத்தில் ஒரு பெண்ணை மிதித்ததற்காக ஜனங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய துரை அவனை எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைத்தார். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் தினமும் இந்தக் கறுப்புப் பன்றிகளை ஒருநாள் துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அவனுக்குச் சமைத்த நம் ஆள் பிறகு சொன்னார். "சோறு பிடிக்கலேன்னாலும் அப்படித்தான் சொல்லுவான், அதான் நான் பெரிசா எடுத்துக்கல" என்றார்.

அன்றைக்கு அவன் வந்ததை நான் பார்க்கவில்லை. மாடசாமியின் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தது நான்தான்.

கண்ணை மூடியிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது. சீனர்கள் கடை திறந்தால் பட்டாசு வெடிப்பார்கள், அதுதான் என்று நினைத்தேன். இடது தோளில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏலே, ஏன் நிறுத்திட்ட?" என்றேன்.

கை எடுபடவில்லை, கனத்தது. பிறகு ஆளே என் முதுகில் சாய்ந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து, "எந்திரில, மூச்சு முட்டுது" என்றேன். சுற்றிலும் அலறல் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன். எண்ணெய் இறங்கி எரிந்தது. கலங்கின பார்வையில் ஒரு ஜோடி பூட்ஸ் அவசரமில்லாமல் நடந்து போவது தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

முழுசாகப் பார்த்தவர் ஒரு சீனர், முட்டைக்கோஸ் விற்கிறவர். விசாரணையில், சந்தையில் பேசுகிற மலாயில் சொன்னார்: "நான் குறுக்கே நின்றேன். இடது கையால் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டான், வழியில் நிற்கிற ஆளைத் தள்ளுகிற மாதிரி. அந்த மலாய் அம்மாவின் பழக்கூடையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். தமிழர்கள் மூலைக்குப் போன பிறகுதான் சுட்டான்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? தீர்ப்பில் அது ஒரு வரிகூட இல்லை. வெயில், குடி, காய்ச்சல், சித்தம் கலங்கிவிட்டது என்று எழுதினார்கள். அவனை வைத்தியத்துக்கென்று கப்பலில் அவன் ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது.

4

என் பங்குக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏழு பேரையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு குமாஸ்தா பெரிய நோட்டோடு ஒவ்வொருவராக வந்தார். மாடசாமியின் இடுப்புப் பையில் இருந்த அடையாளக் கார்டைப் பார்த்து, "இசக்கிமுத்து. சரிதானா? நீர் தெரிந்தவரா?" என்றார்.

என் முதுகில் இன்னும் அவன் தேய்த்த எண்ணெய் இருந்தது. அதன் மேல் ரத்தமும் இருந்தது. இல்லை, இவன் மாடசாமி என்று சொன்னால் அடுத்த கேள்வி, இந்தக் கார்டு எப்படி வந்தது, அழைத்து வந்தது யார். என்னை ஜெயிலில் போட்டுவிட்டுக் கப்பல் ஏற்றுவார்கள். என் சம்சாரம் செல்லம்மா இங்கே தோட்டத்தில் பிறந்தவள், அவளுக்கு வேறு ஊர் தெரியாது. வள்ளிக்கு ஐந்து வயது, இளையவன் கைக்குழந்தை.

"சரிதான்" என்றேன். பிறகு விசாரணையிலும் சத்தியம் செய்து அதையே சொன்னேன். அந்தப் பெயரிலேயே அவனைப் புதைத்தோம்.

பேச்சிக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. என்ன எழுதுவது என்று யோசித்தேன், யோசித்துக்கொண்டே இரண்டு வருஷம் போயிற்று.

5

அதன் பிறகு ஒரு சாரல் காலத்தில் ஊருக்கு வந்தேன். தென்காசியில் ரயிலை விட்டு இறங்கி நேரே இசக்கிமுத்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார். கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு மாவு டப்பாவிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். இங்கிருந்து போன சர்க்கார் காகிதம். விலாசம் அவருடையது, அதனால் அவர் வீட்டுக்கே வந்திருக்கிறது.

"இங்கிலீசுல இருந்துச்சா, ஸ்டேஷன்ல டிக்கெட்டு குடுக்கவர்ட்ட குடுத்தேன். அவரு படிச்சிட்டு, ஏவே, நீரு செத்துப் போயிட்டீராம்வே, ஒம்மச் சுட்டுட்டானாம்னு சொல்லுதாரு. கடையே சிரிச்சுது. ஒருத்தன், செத்தவன் கையால டீ குடிச்சா தீட்டு உண்டான்னு கேக்கான். இன்னொருத்தன், செத்தவன்ட்ட பாக்கி வச்சா குடுக்க வேண்டாம்லாங்கான்."

"நீரு?"

"நானுந்தாம்வே சிரிச்சேன். எல்லாரவிடவும் சத்தமாச் சிரிச்சேன். பாய்லர்ல தண்ணி ஊத்திக்கிட்டே சிரிக்கேன். பாதிச் சிரிப்புலதான் ஒறைக்குது, அந்தக் காகிதத்துல போனது யாருன்னு." முகத்தைத் துண்டால் துடைத்தார். "சிரிப்ப நிறுத்தவும் முடியல. நிறுத்தினா ஏன்னு கேப்பானுவள்லா."

"பேச்சிட்ட சொன்னீரா?"

"எப்படிச் சொல்லுவேன்? காயிதத்தக் குடுத்தது நான்னு போலீசு வந்து நிக்கும். நீரு எழுதியிருப்பீருன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருஷம் இருந்திருக்கிறோம். அவர் நினைத்தார். நான் நினைத்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

பேச்சியின் நிலைமையை அவர்தான் சொன்னார். கடிதம் நின்றதும் மாடசாமியின் அண்ணன் வீட்டார், அவன் அங்கே ஒரு சீனத்தியைச் சேர்த்துக்கொண்டான், இவள் ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் போகிறான் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். தெருவே பிடித்துக்கொண்டது. வீட்டை விட்டு இறக்கியும் விட்டார்கள்.

6

மறுநாள் குற்றாலம் போனேன். பேச்சி அதே இடத்தில், அருவிப் பாதையில் சாக்கை விரித்துச் சீயக்காய்ப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசின முகம், கழுத்தில் தாலி. நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சங்கரண்ணே. தனியாத்தான் வந்தீகளா? ஒங்க கூட்டாளிக்கு அந்தச் சீனத்தி லீவு குடுக்கலியோ?"

"பேச்சி, மாடசாமி செத்துட்டான்."

"என்னது?" அருவிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை சொல்லத்தான் நான் தைரியம் சேர்த்துவைத்திருந்தேன். இரண்டாவது தடவை கத்திச் சொல்லவேண்டி வந்தது. குளிக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பொட்டலம் கேட்டார். பேச்சி இரண்டு எடுத்துக் கொடுத்தாள். அவர் போகிறவரைக்கும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சாப்பிட்டிருந்தாகளா?"

"இட்லி சாப்பிட்டான். நாலு."

"வலிச்சிருக்குமோ?"

"இல்ல. சத்தமே போடல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம் மேலதான் விழுந்தான், பேச்சி."

"எதுக்குச் சுட்டான் அந்தப் பாவி? இவுக அவன என்ன செஞ்சாக?"

"ஒண்ணும் செய்யல. அவன் இவன முன்னப் பின்னப் பாத்ததுகூட இல்ல. தமிழன்னு சுட்டான்."

"யாரா இருந்தாலும் சுட்டிருப்பானா?"

"நம்மள்ல யாரா இருந்தாலும்."

கொஞ்சநேரம் பொட்டலங்களை அடுக்கினாள். "எங்க வச்சிருக்கு?" என்றாள். தோட்டத்து இடுகாட்டில் என்றேன். "என்ன பேரு போட்டு?" என்றாள். சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். செல்லம்மா, பிள்ளைகள், கப்பல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"சுட்டவனுக்குத்தான் ஆளு அடையாளம் தெரியாது. ஒங்களுக்குமா தெரியல?"

நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"இப்ப நான் போயி எம் புருசன் செத்துட்டாகன்னு சொன்னா, எங்க காயிதம்னு கேப்பாவ. காயிதத்துல இசக்கிமுத்து இருக்கான். அவன் டீ ஆத்திக்கிட்டு இருக்கான். ஓடிப்போனவன மறைக்க இவ புருசனச் சாகடிக்கான்னு இதுக்கும் ஒரு பேச்சு பேசுவாவ. தாலிய நான் எதச் சொல்லிக் கழத்துவேன்? எதச் சொல்லிப் போட்டுக்கிட்டு இருப்பேன்?"

"நான் போனதும் மாத்திருதேன். மூணு மாசம் பொறு."

அவள் எழுந்து நின்றாள். சாரலில் முகம் நனைந்திருந்தது. "மாடசாமி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அதுவரை யாரும் கேட்டதில்லை. "அதுதான் அவுக பேரு. தகப்பனார் பேரு சுடலை. ஊரு குத்தாலம். போயிச் சொல்லுங்க. ஒங்கள நாட்ட விட்டு அடிச்சுப் பத்துனா பத்தட்டும்."

7

மூன்று மாசம் என்றேன். மூன்று வருஷம் ஆயிற்று.

காரணம் கேட்டால் நிறைய இருக்கிறது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, குடியுரிமைக்கு விண்ணப்பம் வாங்கினார்கள், நானும் போட்டேன். அது கையில் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீசில் ஒரு காகிதம் குறைந்தது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டார்கள். நான் பிறந்த வருஷம் பெருமழை பெய்தது என்பதுதான் எனக்குத் தெரியும். இப்படியே போயிற்று. பலகை வராமல் இருந்தால் இன்னும் போயிருக்கும்.

பலகையைப் பார்த்த அன்றைக்கே இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு எழுதினேன். பதிலோடு, தாசில்தார் முன்னால் கையெழுத்துப் போட்ட ஒரு உறுதிமொழி வந்தது. தான் உயிரோடிருப்பதாகவும், தன் காகிதத்தைக் குற்றாலம் மாடசாமிக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு துண்டுத்தாள்: "என் பெயர் சாவுக் கணக்கில் இருப்பதால் என் சம்சாரம் மாசாமாசம் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டு என் கடை மிளகாய் எல்லாம் தீர்கிறது. போலீஸ் வந்தால் டீ கொடுப்பேன். நீர் சொல்லும்."

செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஊருக்கு அனுப்பிட்டா?"

"போவோம்."

"இதுங்க அங்க வந்து என்ன பேசும்?" என்று பிள்ளைகளைக் காட்டினாள். இரண்டும் வாசலில் மலாயில் கோலிக்குண்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் கழித்து, "அந்தப் பொம்பள அஞ்சு வருஷமா எப்படி இருக்கா?" என்றாள். பெட்டியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அதே சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கு விளங்குதோ? பொய்ச் சத்தியம் செய்தனான் எண்டு நீரே எழுதித் தாறீர். உம்முடைய விண்ணப்பம் இங்கதான் கிடக்கு. இனி அது அசையாது. வழக்கும் வரும்."

"விளங்குது ஐயா. எழுதுங்க."

எழுதினார். பெயர், தகப்பன் பெயர், ஊர். தொழில் என்ற இடத்தில் பழைய நோட்டில் கூலி என்று இருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் என்றேன். "அது ஒரு தொழிலோ?" என்றார். "குத்தாலத்துல தொழில் ஐயா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் எழுதினார். மரண நோட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புதுப் பெயரை எழுதி, பெரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவந்தார். முத்திரை வைத்த நகல் ஒன்று எனக்குக் கொடுத்தார். என் அடையாளக் கார்டை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அடுத்த மாதம் கோர்ட்டில் ஆஜராகவேண்டும். பிறகு என்ன என்று தெரியாது.

நகலை அன்றைக்கே பேச்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூடவே தமிழில் விவரமாக எழுதியும் வைத்திருக்கிறேன். எப்படிச் செத்தான், எந்தக் காகிதத்தில் போனான், யார் பொய் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் தபால் குற்றாலம் வந்திருக்கும். பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. உங்களில் யாரிடமாவதுதான் கொண்டுவந்து கொடுப்பாள். யார் கையில் கொடுத்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து மெதுவாகப் படித்துக் காட்டவேண்டாம். அவளைப் பற்றி எந்தத் தெருவில் பேசினீர்களோ, அந்தத் தெருவில், மாடசாமியின் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிப் படியுங்கள்.